வயதைக் கேட்க ஆளில்லாத வாசல்

(செகந்திராபாத்தில் நடைபெற்ற சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை.)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேள்விப்பட்டதும் நம் செயற்குழுவிலேயே இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். "பெண்கள் வந்து உட்காரும் கூட்டத்தில் இதைப் பேசத்தான் வேண்டுமா?" என்று கேட்டார்கள். பேசித்தான் ஆக வேண்டும் என்று என்னிடம் முதலில் வந்து சொன்னவர்களே நம் சங்கத்துப் பெண்கள்தான். ஆகவே கூச்சத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள். இணையத்தில் வயது வந்தோருக்கு என்று விற்கப்படும் ஆபாசப் படங்கள் நம் வீட்டுச் சிறுவர்களின் கைக்கு வந்து சேர்கின்றனவே, அதைத் தடுக்கச் சட்டம் என்ன செய்கிறது, என்ன செய்ய வேண்டும் என்பதே பேச்சு.

என் சிறு வயதுக் கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அப்பா லாலாகூடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த காலம். எனக்குப் பதினைந்து வயது. செகந்திராபாத்தில் ஒரு திரையரங்கில் காலைக் காட்சிக்கு 'ஏ' முத்திரை போட்ட ஆங்கிலப் படம் வந்திருந்தது. நானும் இன்னும் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, அண்ணன்மாரின் முழுக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு போனோம். டிக்கெட்டும் வாங்கிவிட்டோம். கதவருகே ஒரு கிழவர் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கணுக்காலில் மடித்து விட்டிருந்த கால்சட்டையைப் பார்த்தார். "கித்னி உமர் ரே தேரி?" என்றார். பதினெட்டு என்றேன். சிரித்துவிட்டு, "கர் ஜா பேட்டா" என்று கதவைச் சாத்தினார். டிக்கெட் காசு திரும்ப வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் கொஞ்சம் உண்டு.

அந்தக் கிழவர் நல்லவர் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் நின்றது. 'ஏ' படத்துக்குச் சிறுவனை உள்ளே விட்டால் வழக்கு சிறுவன் மேல் வராது, திரையரங்கை நடத்துகிறவர் மேல் வரும். அதனால்தான் அங்கே ஆள் நின்றார். இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் முகத்தைப் பார்த்தார், முடிவு செய்தார், அவ்வளவுதான். என் பெயரைக் கேட்கவில்லை, நோட்டில் எழுதவில்லை, உள்ளே போனவர்களின் பட்டியலையும் வைத்துக்கொள்ளவில்லை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இப்போது நம் குடும்பம் ஒன்றின் கதை. பெயர் வேண்டாம். 2020இல் ஊரடங்கு போட்டபோது மல்காஜ்கிரிப் பக்கம் ஒற்றை அறையில் ஐந்து பேர். தகப்பனுக்குச் சமையல் வேலை, அது நின்றுபோயிற்று. வீட்டுக்கு ஒரே செல்போன். காலையில் பையனுக்கு அதில்தான் பாடம், மாலையில் ஊருக்குப் பேச, இரவில் படம் பார்க்க. பையனுக்கு 11 வயது. புதுத் தமிழ்ப்படம் இலவசமாகப் பார்க்கலாம் என்று கூட்டாளி சொன்ன ஒரு திருட்டுத் தளத்தைத் திறந்திருக்கிறான். படத்தைத் தொட்டவுடன் வேறொரு பக்கம் திறந்தது. அதை மூடினால் இன்னொன்று. அதில் ஓடியதை நான் விவரிக்க மாட்டேன். பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தாய் கண்ணேறு என்று நினைத்து உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். மூன்றாம் நாள் தகப்பன் போனில் அந்தப் பக்கங்களைக் கண்டுபிடித்து, பையனைப் பெல்ட்டால் அடித்தான். அடி வாங்கியவன் பையன். அந்தப் பக்கத்தைக் காட்டிக் காசு பார்த்தவன் யார் என்பது இன்றுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தத் தளங்களில் வயதைக் கேட்கவே இல்லையா என்றால், சிலவற்றில் கேட்கிறார்கள். "உங்களுக்கு 18 வயது ஆகிவிட்டதா? ஆம், இல்லை." ஆம் என்பதைத் தொட்டால் கதவு திறக்கும். நான் அன்று கிழவரிடம் சொன்ன பொய்யைப் பார்த்துச் சிரிக்கக்கூட அங்கே ஆள் கிடையாது.

சட்டம் இல்லாமலும் இல்லை, தோழர்களே. 20 வயதுக்குட்பட்டவருக்கு ஆபாசப் பொருளை விற்றால் தண்டனை என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 293ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் குழந்தைக்கு விற்பது குற்றமே. பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தைக்கு ஆபாசத்தைக் காட்டுவது 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி குற்றம். ஆபாசத்தை இணையத்தில் வெளியிடுவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளில் குற்றம். குழந்தைகளை வைத்து எடுத்த படங்களுக்கு 67பி என்று தனிப் பிரிவே உண்டு.

அப்படியானால் குறை எங்கே? இங்கேதான். வயது வந்தவர் தன் அறைக்குள் தனியே பார்ப்பதை நம் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை வெளியிடுவது குற்றம். ஆக, சட்டத்தின் கண்ணில் அந்தக் கடையே இருக்கக்கூடாத கடை. இருக்கக்கூடாத கடையின் வாசலில் காவலாளியை நிறுத்து என்று அரசு எப்படி உத்தரவு போடும்? போட்டால் கடை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஒப்புக்கொள்ள மனமில்லை, மூடவும் முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. 2021ஆம் ஆண்டு விதிகளில், 'ஏ' என்று வகைப்படுத்திய படத்தைக் காட்டும் ஓடிடி நிறுவனங்கள் வயதைச் சரிபார்க்க நம்பகமான ஏற்பாடு வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். கணக்குக் காட்டித் தொழில் செய்கிற நிறுவனத்துக்கு விதி இருக்கிறது. கணக்கே காட்டாதவனுக்கு விதி இல்லை.

மூடிப் பார்த்த கதையையும் சொல்ல வேண்டும். ஆபாசத் தளங்களைத் தடை செய்யக் கோரி இந்தூர் வழக்கறிஞர் கமலேஷ் வாஸ்வானி 2013இல் உச்ச நீதிமன்றம் போனார். 2015 ஜூலை இறுதியில் தொலைத்தொடர்புத் துறை 857 தளங்களை முடக்கச் சொன்னது. நாடெங்கும் கூச்சல் எழுந்தது. சில நாட்களிலேயே, குழந்தைகளை வைத்து எடுத்த படங்கள் இல்லாத தளங்களை முடக்க வேண்டியதில்லை என்று பின்வாங்கினார்கள். பிறகு 2018இல் டேராடூனில் ஒரு விடுதிப் பள்ளியில் மாணவி ஒருத்திக்கு மாணவர்களாலேயே கொடுமை நேர்ந்தது; அவர்கள் இப்படிப்பட்ட படம் பார்த்துவிட்டுச் செய்தார்கள் என்ற செய்தி உத்தரகாண்ட் உயர் நீதிமன்றத்தை உலுக்கியது. அதன் உத்தரவால் 827 தளங்கள் முடக்கப்பட்டன. முடக்கிய சில நாட்களிலேயே முகவரியின் கடைசி எழுத்துகளை மாற்றிக்கொண்டு பழைய கடை புதுப் பலகையோடு திறந்தது. நான் சொன்ன 11 வயதுப் பையன் சிக்கிக்கொண்டது அந்தத் தடைக்குப் பிறகுதான் என்பதை மறக்க வேண்டாம்.

நம் ஹைதராபாத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி இடம் உண்டு. கடத்தப்பட்ட பெண்களையும் சிறுமிகளையும் மீட்பதற்காக 1996இல் இங்கே தொடங்கிய 'பிரஜ்வலா' அமைப்பைப் பலரும் அறிவீர்கள். அதன் சுனிதா கிருஷ்ணன் 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். வாட்ஸ்அப்பில் கைக்குக் கை பரவிக்கொண்டிருந்த வன்கொடுமைக் காட்சிகளையும் அதனோடு சேர்த்து அனுப்பினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டது. கூகுள், பேஸ்புக், வாட்ஸ்அப், மைக்ரோசாப்ட் ஆகிய பெரிய கம்பெனிகளின் ஆட்களை அரசுத் தரப்போடு ஒரே குழுவில் உட்கார வைத்தது. இன்று இப்படிப்பட்ட படங்களைப் பற்றிப் பெயர் சொல்லாமலே புகார் செய்ய வழி தரும் அரசு இணையதளம் 2018இல் திறக்கப்பட்டதற்கு அந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம். ஒரு கடிதம் இவ்வளவு தூரம் போயிருக்கிறது.

இதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாசலில் வயதைக் கேட்பது பார்க்கிற குழந்தையைக் காக்கும். படத்துக்குள் இருக்கிற குழந்தையை அது காக்காது. அதற்கு 67பி வேண்டும், போக்சோ வேண்டும், போலீஸ் வேண்டும். சென்னையில் ஓர் இளைஞர் குழந்தைகளின் படங்களைப் போனில் இறக்கி வைத்திருந்த வழக்கை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்தபோது, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைச் செப்டம்பரில் மாற்றி எழுதியது. அதைக் குழந்தை ஆபாசம் என்றுகூடச் சொல்லாதீர்கள், குழந்தையைச் சுரண்டிய பொருள் என்று சொல்லுங்கள் என்று அறிவுறுத்தியது. இரண்டு குற்றங்களையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் இரண்டுக்கும் தீர்வு கிடைக்காது.

சரி, வாசலுக்கு வருவோம். வெளிநாடுகளில் கதவுக்கு ஆள் போடத் தொடங்கிவிட்டார்கள். பிரிட்டனில் 2017இலேயே சட்டம் செய்து, செயல்படுத்த முடியாமல் 2019இல் கைவிட்டார்கள். மறுபடி 2023இல் புதுச் சட்டம். 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் வயதைத் திறம்படச் சரிபார்த்தே ஆக வேண்டும். தவறினால் 1 கோடியே 80 லட்சம் பவுன் அல்லது உலக வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம். அமெரிக்காவில் லூசியானா மாநிலம் 2023 ஜனவரியில் தொடங்கி வைத்தது. டெக்சாஸ் சட்டம் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பிரான்சில் கடுமையாகக் கேட்டவுடன் ஒரு பெரிய கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு வெளியேறியது. வயதைக் கேட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது!

பிரிட்டனில் சட்டம் வந்த வாரமே இருக்கும் நாட்டை மறைத்துக் காட்டும் விபிஎன் செயலிகளை மக்கள் அள்ளிக்கொண்டார்கள். ஆகவே சட்டம் பயனற்றது என்று நம் கணினி இளைஞர்கள் சிலர் என்னிடம் வாதாடினார்கள். சுவரேறிக் குதிக்கும் 17 வயதுக்காரனை எந்தச் சட்டமும் முழுக்கத் தடுக்காது. என்னைத் தடுத்த கிழவரும் என் கூட்டாளி ஒருவனை இன்னொரு நாள் உள்ளே விட்டுவிட்டார். ஆனால் சுவர் ஏற நினைக்காத, எதையோ தேடப் போய் எதிலோ விழுகிற 11 வயதுக்காரன் இருக்கிறானே, அவனைத் தடுக்கும். பிரிட்டன் விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று: வயதைப் பார்த்து முடிக்கும்வரை முதல் பக்கத்தில் ஆபாசப் படம் எதுவும் தெரியக்கூடாது. கதவுக்கு வெளியே சுவரொட்டி ஒட்டாதே என்கிறார்கள். அந்நாட்டுக் குழந்தைகள் ஆணையர் 2023இல் வெளியிட்ட அறிக்கையில், பிள்ளைகள் முதன்முதலில் ஆபாசம் பார்க்கும் சராசரி வயது 13 என்று கண்டிருக்கிறார்கள். பத்தில் ஒருவர் 9 வயதுக்குள் பார்த்துவிடுகிறார். 9 வயதில் யாரும் விபிஎன் தேடிப் போவதில்லை.

இனி, நம் நாட்டில் எப்படிச் செய்வது? உடனே எல்லார் வாயிலும் வருவது ஆதார். இணையத்தில் வரும் ஆபாசம் பற்றிய ஒரு வழக்கில், 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியின் அமர்விலேயே ஆதாரைக் கொண்டு வயதைப் பார்க்கலாமே என்ற யோசனை எழுந்தது. யோசனைதான், உத்தரவு அல்ல. இதில்தான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

2011இல் சைபர் கபேக்களுக்கு மத்திய அரசு விதி போட்டது. தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் கூடாது, சிறுவர்கள் பெற்றோர் இல்லாமல் அறைத் தடுப்புக்குள் உட்காரக் கூடாது. நல்ல விதிகள். கூடவே, வருகிறவர் ஒவ்வொருவரின் அடையாளத்தையும் பதிவு செய்து ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தக் காலத்தில் என் மகள் தேர்வு முடிவு பார்க்க அமீர்பேட்டையில் ஒரு கடைக்குப் போனாள். பெயர், முகவரி, போன் எண் எல்லாம் நோட்டில் எழுதினாள். நோட்டு மேசைமேல் திறந்தே கிடந்தது. மூன்றாம் நாள் முதல் முன்பின் தெரியாத ஒருவன் போன் செய்யத் தொடங்கினான். எண்ணை மாற்றித்தான் ஓய்ந்தது. தேர்வு முடிவு பார்த்ததற்கே இது. நாட்டில் யார் யார் எந்த இரவில் எந்த ஆபாசத் தளத்துக்குப் போனார்கள் என்ற நோட்டு ஒன்று இருந்தால், அது எவன் கையில் சிக்கும், யாரை மிரட்டப் பயன்படும் என்று எண்ணிப் பாருங்கள். 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற அரட்டைக் கம்பெனி, வயது பார்ப்பது தொடர்பாக வாங்கிய அடையாள அட்டைப் படங்களில் சுமார் 70,000 பேருடையவை வெளியே போயிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017இல் சொன்னது அலங்காரத்துக்காக அல்ல.

உரிமையை விடுங்கள், ஆதார் நம் வீட்டில் வேலையாவது செய்யுமா? மல்காஜ்கிரி வீட்டை நினைத்துப் பாருங்கள். சிம் தகப்பன் பெயரில். ஆதார் தகப்பன் பெயரில். ஓடிபி வருவதும் அதே போனுக்கு. அந்த ஓடிபியைப் படித்துச் சொல்பவன் யார்? ஆங்கில எழுத்துத் தெரிந்த அந்த 11 வயதுப் பையன்! ரேஷனுக்கு அவன்தான் படிக்கிறான், கேஸ் சிலிண்டருக்கு அவன்தான் படிக்கிறான். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு அறை என்று வாழ்கிறவர்களை நினைத்துச் செய்த பூட்டு இது. நம் வீட்டில் பூட்டும் சாவியும் பையன் கையிலேயே இருக்கும். பதிவேட்டில் மட்டும் தகப்பன் பெயர் ஏறும்.

அதனால்தான் கிழவரை நினைவில் வையுங்கள் என்றேன். கதவைத் திறக்கும் அந்த நேரத்தில், கையில் போன் வைத்திருப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். முகத்தைக் கொண்டு வயதை மதிப்பிடும் கருவிகள் வந்துவிட்டன. பிரிட்டனில் அனுமதிக்கப்பட்ட வழிகளில் அதுவும் ஒன்று. அவை தவறும். 17க்கும் 19க்கும் உள்ள வேற்றுமை கிழவருக்கும் தெரியாது. 11க்கும் 40க்கும் தெரியும். படம் போனை விட்டு வெளியே போகக்கூடாது, பார்த்தவுடன் அழிய வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். டெக்சாஸ் சட்டம்கூட அடையாள விவரத்தைச் சேமித்து வைக்கத் தடை போட்டிருக்கிறது. பிரான்சில் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள்: வந்தவர் யார் என்று தளத்துக்குத் தெரியாது, அவர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்று வயதுச் சீட்டுக் கொடுத்தவருக்குத் தெரியாது. ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் வெளியிட்ட மாதிரிச் செயலியும் '18 ஆனவர்' என்ற ஒன்றைத்தான் சொல்லும், பெயரைச் சொல்லாது. நம் நாட்டில் 2025 நவம்பரில் வந்த தனிநபர் தரவு விதிகளிலும், பெற்றோர் சம்மதம் வாங்குவதற்காக, டிஜிலாக்கர் போன்ற இடத்திலிருந்து தரும் அடையாளச் சீட்டுக்கு இடம் இருக்கிறது. கருவி இருக்கிறது, அதை யார்மேல் கட்டாயமாக்குவது என்பதே கேள்வி. தளத்தின்மேல், அதற்கு விளம்பரம் கொடுப்பவன்மேல், பணம் வாங்கித் தருபவன்மேல் என்கிறேன் நான். திருட்டுப் படத் தளம் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாது. ஆனால் அது பிழைப்பது விளம்பரக் காசில். பிரிட்டனில் நீதிமன்றம் மூலம் அந்தக் காசையே நிறுத்த வழி வைத்திருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. ஆபாசம் எது என்பதைச் சட்டத்தில் இறுக்கமாக எழுதாவிட்டால், பிடிக்காத எழுத்துக்கெல்லாம் அந்தப் பெயர் சூட்டப்படும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' பட்ட பாட்டை நாம் பார்த்தோம். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை அவர் எழுதுவதையே நிறுத்தியிருந்தார். கருத்தடை பற்றியோ மாதவிலக்கு பற்றியோ படிக்கப் போகும் பெண்ணிடம் வயதுச் சீட்டுக் கேட்கும் நாள் வரக்கூடாது. போன மாதம் ஒரு வீட்டில் அண்ணன் பார்த்த படத்துக்காகத் தங்கையின் போனைப் பிடுங்கி வைத்தார்கள். நம் வீடுகளில் தடை என்றால் முதலில் பெண் பிள்ளைமேல்தான் விழுகிறது.

மதுரைக் கிளை 2025 டிசம்பரில், ஆஸ்திரேலியாவைப் போல 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சட்டம் செய்வதை மத்திய அரசு எண்ணிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் மனுதாரர் கேட்டது, இணைய இணைப்புத் தரும் கம்பெனிகளே பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியைத் தர வேண்டும் என்பது. இணைப்பு விற்கும்போதே அதைக் கேட்காமல் கொடுத்தால் என்ன? இணைப்பு நம் மாதக் காசில்தானே ஓடுகிறது! இந்தக் கோரிக்கைகளை மனுவாகத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடுவோர் வாசலருகே மேசையில் போடலாம். உங்கள் ஆதார் எண்ணை எழுத வேண்டாம்.

சட்டம் வரும்வரை காத்திருக்கப் பையன்களுக்கு வயது நிற்காது. அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க நூலகத்தில் நம் கணினி இளைஞர்கள் நான்கு பேர் உட்காருவார்கள். ஒரே போனில் பிள்ளைக்குத் தனிப் பகுதி வைப்பது, ஆபாசத் தளங்களை வடிகட்டும் முகவரியை போனில் பதிந்து வைப்பது, புகார்த் தளத்தில் பெயரின்றி எழுதுவது ஆகியவற்றைச் செய்து காட்டுவார்கள். காசு இல்லை. போனோடு பிள்ளையையும் அழைத்து வாருங்கள்; பெல்ட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.